குடை கொடுத்த ஊர்

கரோல் பாக்கில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்கள், சர்வே படிவக் கட்டுகளோடு என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"குடை குடுத்ததுதான் தப்பாப் போச்சுக்கா," என்றாள் இளையவள்.

"எந்தக் குடை?"

"சர்வேக்குப் பதில் சொல்ற விவசாயிங்களுக்குப் பரிசு. மொத ஊர்ல டிபன் டப்பா குடுத்துட்டுத்தான் கேள்வி கேட்டேன். வறட்சி தாங்குற விதைக்கு எல்லாரும் நல்ல விலை குடுக்கறதாச் சொன்னாங்க. அடுத்த ஊர்ல டப்பா தீர்ந்துபோச்சுன்னு குடை குடுத்தேன். ஒருத்தருக்கும் அந்த விதை வேணாமாம்."

"அச்சா? ஏனாம்?"

"டில்லி ஆபீஸ்காரங்களே குடை குடுக்கறாங்கன்னா மழை நிச்சயமாம். ஊரே வழக்கமான நெல்லையே விதைக்கப் போகுதாம்."

பெரியவள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம்கூட இல்லை.

"ஜல்தி போய் அந்தக் குடையெல்லாம் திருப்பி வாங்கிட்டு வாடி!"