ஈப்போ கல்யாணத்துக்குப் போகாத என் தங்கை

அவைத்தலைமை ஏற்று, நான் வாய் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கும் பெருந்தகை விநாசித்தம்பி அவர்களே! சபை நிறைந்த சான்றோர்களே! அடுப்பில் வைத்ததை மறந்து வந்தமர்ந்திருக்கும் அன்னையரே! அனைவருக்கும் இந்த ஏரம்பமூர்த்தியின் வணக்கம்.

காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் வரிசை பிடிக்கிறோம். கால் பிசகினால் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறோம். மனம் நோயுற்றால் மட்டும் ஏன் வாய் மூடுகிறோம்? முன்வரிசையில் நெளியும் அப்புத்துரை அண்ணே, உங்களைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன்!

மூன்றாண்டுகளுக்கு முன், துறைமுக அலுவலகத்தில் தட்டச்சராய் இருந்த என் தங்கை ஞானாம்பிகையின் காதில், யாரும் பேசாத குரல்கள் பேசத் தொடங்கின. உண்ண மறந்தாள், உறங்க மறந்தாள். உடன்பிறந்த உத்தமன் நான் என்ன செய்தேன்? அவளை அறைக்குள் வைத்துவிட்டு, "ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள்" என்று ஊருக்கு அறிவித்தேன். ஒரு மாதம் போயிற்று, மூன்று போயிற்று, ஐந்தும் போயிற்று. கல்யாணம் முடிந்தபாடில்லை!

பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை நடத்துபவர், ஒருநாள் காலை மீன்கறியோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, அஞ்சு மாசமா கல்யாணம்? மாப்பிள்ளை கெழவனாயிடுவான்லா!"

நான் கதவை மறைத்து நின்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். "எனக்கும் பிள்ளை பெத்தப்புறம் மனசு கெட்டுப்போச்சு. மருந்து சாப்பிட்டேன், நல்லாயிட்டேன். கதவைத் தொற."

திறந்தேன். பொய்யாய்ச் சொன்ன ஈப்போப் பக்கம் உண்மையாகவே புறப்பட்டோம். மனநல மருத்துவமனை அங்கேதான்! ஃபெரி ஏறி, பஸ் மாறி, மாதந்தோறும் ஓராண்டு. அக்காவும் கடையை மகளிடம் விட்டுக் கூடவே வந்தார். ஒருமுறை பஸ்ஸில் தங்கை கேட்டாள்: "ஏன் அண்ணே, கால் ஒடைஞ்சிருந்தா மறைச்சிருப்பியா?"



தேறினாள். வேலைக்குத் திரும்பினாள். திரும்பிய கையோடு ஒரு மனுவைத் தட்டினாள்: மனநல மருத்துவர் நம் வட்டாரக் கிளினிக்குக்கே வரவேண்டும்! வசதியுள்ளவர் காரில் போவார். பத்து காவான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர் ஒருநாள் கூலியை இழந்தா போவார்? அக்கா சும்மா இருப்பாரா? "மொதல்ல கையெழுத்து, அப்புறம் கறி!" முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அப்புத்துரை அண்ணே, நீங்கள் இரண்டு தரம் போட்டீர்களாமே!

மனு வென்றது. வரும் செவ்வாய், காலை ஒன்பது மணி, முதல் மருத்துவர் வருகிறார்! "என் பெயரை மறைக்காமல் மேடையில் சொல்லு" என்று அனுப்பியவளும் ஞானாம்பிகையே.

யார் முதலில் போவது என்று யோசிக்கிறீர்களா? கவலை வேண்டாம். இரண்டாண்டாய் உறக்கமின்றி, காரணமின்றி அழுது, எவரிடமும் சொல்லாத ஒருவன் கிளினிக்கில் முதல் எண் சீட்டை வாங்கிவிட்டான். அந்த ஒருவன் நான்தான்! இரண்டாம் சீட்டு உங்களுடையது. பக்கத்து நாற்காலியில் அமருங்கள், பேசிக்கொண்டிருப்போம்.

செவி தந்த உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!