கல்வாழை இலைச் சுருள்

பட்டாம்பூச்சி என்றதும் போகோட்டாவிலிருந்து வந்த நீங்கள் வண்ணமாக எதையாவது நினைத்துக்கொள்வீர்கள், ஐயா. இது அப்படியொன்றும் அழகில்லை. பழுப்பு நிறம், தடித்த உடம்பு, சிறகில் கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல் சில புள்ளிகள், நுனி வளைந்த மீசை. மிதந்து பறக்காது, விருட்டென்று தாவும்.

புழுதான் பார்க்க வேண்டியது. தோல் அவ்வளவு தெளிவு, முதுகில் இதயம் துடிப்பதுகூடத் தெரியும். கல்வாழை இலையின் ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, தன் நூலாலேயே தைத்து உள்ளே படுத்துக்கொள்ளும். நான் சுருளை மெல்ல விலக்கிப் பார்ப்பேன். என் மூச்சு அதற்குப் பழகியிருந்தது.

தங்கை நொயெமிக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் அடுப்பெரிவது கல்வாழைக் கிழங்கு மாவு விற்றுத்தான். புழு இலையைத் தின்றால் கிழங்கு சிறுக்கும். நியாயம்தான்.

"ஏன்க்கா, வயிறுதான் தொறக்கல, இலையத் தொறந்து பிள்ள தேடுறியா?" என்றாள், கிழங்கு தோண்ட வந்த பெண்கள் முன்னால். அவள் மூன்று பெற்றவள்.

"சும்மா இருடி."

"பேரு வச்சாச்சா? ஞானஸ்நானத்துக்கு எங்களையும் கூப்புடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மேல்வயல் முழுக்க மருந்தடித்தாள். சுருள்களைப் பிரித்துப் பார்த்தேன். அந்தத் தெளிந்த உடம்புகள் உள்ளே கறுத்திருந்தன.

சோளமாவை நாங்கள் கல்வாழை இலையில் பொதிந்து அவிப்போம். அதற்குக் கொல்லை இலைதான். ஓட்டை இருந்தால் மருந்து படாத இலை. இது இங்கே குழந்தைக்கும் தெரியும். சான் பெத்ரோ திருநாளன்று நான் மேல்வயலில் பறித்தேன். டப்பாவில் மீந்த மருந்தையும் தடவினேன். அவளுக்கு மட்டும் தனியாக அவித்தேன்.

"ஒரு ஓட்டகூட இல்லையே, எங்க பறிச்ச?"

"ஓடைக்கு அந்தாண்ட."

"இப்பத்தான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க."

நான் சொன்னால் நம்புவாள். அந்த விஷயத்தில் நல்லவள்.

கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். கேட்டது, ஐயா. கேட்கவில்லை என்று உங்கள் விசாரணையில் சொல்லமாட்டேன். ஆனால் கொல்லையில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே கூடு அப்போதுதான் வெடித்தது. வெள்ளைப் பொடி பூசிய கூடு. ஈரச் சிறகு காயும்வரை பக்கத்தில் யாரும் அசையக்கூடாது.

அது பறந்தபோது வீட்டுக்குள் சத்தம் நின்றிருந்தது. பிள்ளை கண் திறக்கிற நேரத்தில் எந்தத் தாய்தான் எழுந்து போவாள், ஐயா?