பெட்டி வரைந்த கோடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஒரு மாலை, வாலாஜாபாத் பஸ். என் முன் சீட்டில் வேலை முடிந்து திரும்பும் கார் கம்பெனி ஆட்கள் இருவர். இளையவர் டிராக்கில் கார் ஓட்டிப் பார்ப்பவர். பெரியவர், அந்த ஓட்டத்தைத் தாளில் கோடாக வரையும் பெட்டியைக் கவனிப்பவர்.

“இன்னாடா, காலைல வளைவுல வேகமே கொறையல? தூங்கிட்டியா?”

“பிரேக்க லேட்டா அமுக்கிட்டேன் போலண்ணா. வெக்கமா கீது, வெளிய சொல்லாத.”

பெரியவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்த தாளை விரித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“டேய், இந்தக் கோடு பிரேக் மேல உன் காலு. நீ கரெக்டா தான் அமுக்கிகீற. பிரேக் தான் புடிக்கல!”

“ஐயோ! அந்த வண்டிய இப்ப சாயங்கால ஷிப்ட்ல என் மச்சான் ஓட்டினுகீறான்ணா!”

“கண்டக்டரே, நிறுத்து!”

ஒரகடம் தாண்டி இறங்கி, வந்த வழியே ஓடினார்கள்.

அந்த மச்சான் பிழைத்தாரா? தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். ஊர் பேர் தப்பாக இருந்தாலும் திருத்துங்கள்.