பக்கத்துலயே இருக்கேன்

அந்த ஓரத்து லைட்ட மட்டும் அணைக்காதீங்கடி. அது எரியட்டும். கல்யாணப் பொண்ணு தூங்கிட்டாளா... சரி, மெதுவாப் பேசறேன். செல்வி, பாத்ரூம் போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துடு. நடுவுல எழுப்பினா இந்த மண்டபத்துல தொணைக்கு நான் வரமாட்டேன்.

இது எனக்கு நடந்தது இல்ல. எங்க ஆபீஸ்ல அன்னக்கிளின்னு ஒருத்தி இருக்கா, நாளைக்கு வருவா, பாப்பீங்க. அவளோட சித்தி பொண்ணுக்கு நடந்தது. அந்தப் பொண்ணு பேரு சுடர்விழி. அன்னக்கிளி கத கட்டற ஆள் கெடையாது. இத சொல்லும்போது அவ கையப் புடிச்சிப் பாத்தேன்... ஐஸ் மாதிரி இருந்துச்சி.

வெடியறதுக்குக் கொஞ்ச நேரம் இருக்கு. கடலூர் ரோட்டுல லாரி சத்தம்கூட அடங்கிப்போன நேரம். கன்னியக்கோயில் தாண்டி பாகூர் பக்கம் திரும்பினா ரெண்டு பக்கமும் வயலு. மார்கழிப் பனி. முன்னாடி பத்தடி தெரியாது. அந்த ரோட்டுல ஒரு ஸ்கூட்டி போவுது. ஓட்டறவ இனியா. பின்னாடி கேமரா பைய மடியில கட்டிப் புடிச்சிக்கிட்டு சுடர்விழி.

எங்க போறாங்கன்னு கேக்கறீங்களா? பறவ படம் எடுக்கப் போறாங்க.

சுடர்விழிக்கு அரியாங்குப்பம். டவுன்ல ஒரு லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேல. இனியா முத்தியால்பேட்ட. மொதல்ல அதே லேப்லதான் இருந்தா, அங்கதான் ரெண்டு பேரும் சேந்தது. ஞாயித்துக்கெழமையானா போதும், இருட்டுலயே கெளம்பிடுவாங்க. ஊசுடு ஏரி, பாகூர் ஏரி, தேங்காய்த்திட்டுல அந்தச் சதுப்புக்காடு... எங்க தண்ணி இருக்கோ அங்கெல்லாம் நடப்பாங்க. சுடர்விழியோட அம்மா பயந்தவங்க. வேற யார்கூடவும் அனுப்பமாட்டாங்க. இனியான்னா மட்டும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

அதுக்குக் காரணம் இருக்கு. ஒருவாட்டி தேங்காய்த்திட்டுல சுடர்விழி கால வச்ச எடம் உள்வாங்கிடுச்சி. தொட வரைக்கும் சேறு. இனியா அந்தச் சேத்துமேல குப்புறப் படுத்து இழுத்திருக்கா. தன்னோட கேமரா கழுத்துல இருந்து கழண்டு விழுந்துச்சி, அதத் திரும்பிக்கூடப் பாக்கல. அப்படி ஒரு சிநேகிதி. அத ஞாபகம் வச்சிக்குங்க.

அப்புறம் ஒரு மழக்காலத்துல இனியா வர்றத நிறுத்திட்டா. கழுத்து வலின்னா. டாக்டர் கேமராவத் தொடக் கூடாதுன்னுட்டாருன்னா. போன் பண்ணா எடுக்கறது இல்ல. சுடர்விழி வீடு தேடிப் போனா, வாசல்லயே நின்னு பேசி அனுப்பிச்சிருக்கா. இளச்சிப் போயிருந்தாளாம். பேசும்போது அடிக்கடி தோளத் தொடச்சி விட்டுக்கிட்டே இருந்தாளாம், தூசி தட்டற மாதிரி.

மார்கழியில திடீர்னு போன். "சுடரு, மயில் உள்ளான் பாத்தேன்டி. ஜோடி. ஞாயித்துக்கெழம வர்றியா?"

மயில் உள்ளான்னா நம்ம கொக்கு, நாரை மாதிரி இல்ல. கோரைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். வெடிய நேரத்துலயும் பொழுது சாயற நேரத்துலயும் ஒரு நிமிஷம் வெளிய தல காட்டும். சுடர்விழி எத்தினியோ வருஷமா அதுக்காக அலஞ்சவ. எந்த எடம், யாரு சொன்னாங்க... எதுவும் கேக்கல. வர்றேன்னுட்டா. பறவைக்காக இல்லடி... இனியா கூப்ட்டாளேன்னு.

ஏரி பேரு சொல்லமாட்டேன். பாகூரத் தாண்டி, சின்ன ஏரிதான். கரமேல ஸ்கூட்டிய நிறுத்திட்டு எறங்கி நடந்தாங்க. இனியா ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல. கேமராவும் எடுத்துட்டு வரல. "பேட்டரி போயிடுச்சி, நீ எடு, நான் பாக்கறேன்"னா.

கோரைக்கு நடுவுல ஒரு எடத்துல கொண்டுபோயி நிறுத்தினா. டார்ச்சே அடிக்கல. இருட்டுல நேரா அந்த எடத்துக்கே போனா. அங்க கோரை அழுந்திக் கெடந்துச்சாம்... யாரோ தெனம் வந்து ஒக்காந்து எழுந்த மாதிரி.

பறவைக்கு ஆள் தெரியக் கூடாதுன்னு, எல எலயா அச்சடிச்ச ஒரு பச்சத் துணி வச்சிருப்பாங்க. தலையோட போத்திக்கிட்டு, லென்ஸ் மட்டும் வெளிய. இனியா அந்தத் துணிய அவமேல போத்தி, கொழந்தைக்கு இழுத்து விடற மாதிரி நாலு பக்கமும் இழுத்து விட்டா. அப்புறம் காதுகிட்ட வந்து சொன்னா.

"தலைய வெளிய எடுக்காத. பறந்துடும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

சுடர்விழி ஒரு கண்ண மூடிக்கிட்டு இன்னொரு கண்ண கேமராவுல வச்சா.

ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. பனி கோரையில சொட்டற சத்தம்... டப்... டப்... தூரத்துல எங்கியோ ஒரு மைக்செட்டுல சாமி பாட்டு. வானம் சாம்பலா வெளுத்துச்சி.

வந்துச்சிடி. மொதல்ல மூக்கு. அப்புறம் கண்ணு... கண்ணச் சுத்தி வெள்ளையா வரஞ்ச மாதிரி. கழுத்து நல்ல செவப்பு. பின்பக்கத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு ஒவ்வொரு அடியா வெளிய வந்துச்சி. சுடர்விழிக்கு அழுகையே வந்துடுச்சாம்.

கண்ண எடுக்காம, ஒதடு மட்டும் அசையற மாதிரி கேட்டா. "பாத்தியாடி?"

பக்கத்துல இருந்து... "ம்."

அவ்ளோதான். ஒரு கையி மெதுவா அவ வலது தோள்மேல வந்து ஒக்காந்துச்சி. சந்தோஷத்துல வைக்கறான்னு நெனச்சிக்கிட்டா. கையி ஈரமா இருந்துச்சி, துணியத் தாண்டி சில்லுனு எறங்குச்சி. தண்ணியில கை நனச்சிருப்பான்னு நெனச்சிக்கிட்டா. ஒரு வாட அடிச்சிச்சி. சேத்து வாட இல்ல. மால தண்ணியிலயே கெடந்து அழுகினா வருமே... அந்த வாட. அதையும் ஏரித் தண்ணி வாடன்னு நெனச்சிக்கிட்டா.

அப்பதான் கரமேல சத்தம் கேட்டுச்சி.

இனியாவோட ஸ்கூட்டி பழசு. பட்டன அழுத்தினா ஸ்டார்ட் ஆவாது. கிக்கர ஒதைக்கணும். அந்தச் சத்தம் சுடர்விழிக்குத் தூக்கத்துலகூடத் தெரியும். டர்ர்... டர்ர்... அப்புறம் பிடிச்சி, டுர்ருனு கெளம்பி, கரமேல அப்படியே தள்ளிப் போயி, தள்ளிப் போயி... கேக்காமயே போயிடுச்சி.

தோள்மேல கையி இருக்கு.

கொஞ்சம் அழுத்துச்சி.

அவளுக்கு விரலு கேமரா பட்டன்லயே ஒட்டிக்கிச்சி. எடுக்க முடியல. தடதடதடன்னு படமா விழுந்துக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தத்துக்கு ஏரியில இருந்த அத்தன பறவையும் எழும்பிப் பறந்துடுச்சி. அந்த மயில் உள்ளான் மட்டும் அசையல. அது கேமராவப் பாக்கல. அவ தலைக்கு மேல பாத்துக்கிட்டு நின்னுச்சாம்.

எப்படி வெளிய வந்தான்னு அவளுக்கே சரியாத் தெரியல. பின்னாடி திரும்பல. முன்னாடியே தவழ்ந்து, தண்ணிக்குள்ள எறங்கி, அந்தப் பக்கக் கர ஏறியிருக்கா. ரோட்டுக்கு வந்தவள ஒரு பால்காரர்தான் வண்டியில ஏத்திக்கிட்டு வந்து பஸ் ஸ்டாப்புல விட்டது. போன் போட்டா, இனியாவோடது சுவிட்ச் ஆஃப். அப்பகூட இவ பயந்தது யாருக்காக தெரியுமா? இனியாவுக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு.

சாயங்காலம் எடுத்தா. சுடர்விழி அழுவுறா. அந்தப் பக்கம் இனியா கேட்ட ஒரே கேள்வி, "படம் நல்லா வந்துச்சா?" கேட்டுட்டு வச்சிட்டா.

மறுநாளு லேப். மைக்ராஸ்கோப்புல ரத்தத்தப் பாக்கறதுக்குக் குனிஞ்சி, ஒரு கண்ண மூடி இன்னொரு கண்ண வச்சா... தோள்மேல கையி. அதே வாட. நிமுந்தா யாரும் இல்ல. ஏசி ஓடற சத்தம்தான். திரும்பவும் குனிஞ்சா, திரும்பவும் கையி. ஊசியில நூலு கோக்க ஒரு கண்ண மூடினா வருது. கண்ணுல சோப்புப் பட்டு ஒரு கண்ண மூடினா வருது. ரெண்டு கண்ணையும் மூடினா வர்றதில்ல. ஒரு கண்ண மூடி ஒரு கண்ணால பாத்தா போதும், அது பக்கத்துல வந்துடும்.

நேரா முத்தியால்பேட்டைக்குப் போனா. இனியா கேட்டத் தொறக்கல. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்னா.

"எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சி," அவளே சொன்னா. "மழக்காலம் முழுக்க. வேற யாரையாவது அங்க ஒக்கார வச்சிட்டு வந்துட்டா போயிடும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"என்னைய அங்க ஒக்கார வச்சிட்டுப் போனவரு."

சுடர்விழி கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னா. அந்த ஆளு யாருன்னு கேக்கணும்னுகூட அவளுக்குத் தோணல. "ஏன்டி என்னைய?"ன்னா. "ஒனக்குத் தெரிஞ்சவங்க எத்தினி பேரு இருக்காங்க. ஏன் என்னக் கூட்டிட்டுப் போன?"

இனியா தலையத் தூக்கவே இல்ல. "நான் கூப்ட்டா ஒரு கேள்வியும் கேக்காம வேற யாருடி வருவா?"

அன்னக்கிளி சொல்லுவா, அந்தக் கையவிட இந்த வார்த்ததான் சுடர்விழிய ஒடச்சிப் போட்டுச்சின்னு. சேத்துல படுத்து இழுத்தவ. அதே கைதான் துணியப் போத்தி விட்டுட்டுப் போயிருக்கு.

சுடர்விழி அத வேற யார்மேலயும் ஏத்தி விடல. விடணும்னா விட்டிருக்கலாம். தெருவுல ஒரு காலேஜ் பொண்ணு, "அக்கா, என்னையும் பறவ பாக்கக் கூட்டிட்டுப் போங்க"ன்னு தெனம் வந்து நிக்கும். யாரக் கூட்டிட்டுப் போலாம்னு யோசிச்சா, தன்ன நம்பற மொகம் ஒவ்வொண்ணா வந்து நின்னுச்சாம். முடியலன்னுட்டா. கேமராவ பீரோவுல வச்சிப் பூட்டினா. லேப்ல கேட்டு ரத்தம் எடுக்கற வேலைக்கு மாறிக்கிட்டா. கோயிலு, தர்கா, வில்லியனூர் மாதா கோயிலு, எங்கெங்கியோ போய் வந்தாங்க. எதுக்கும் அது போகல. சரி, இதோட இருந்துட்டுப் போவோம்னு பழகிக்கிட்டா. இனியா பேச்சே அந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சி.

சித்திர மாசம்... ஒரு சாயங்காலம். பொழுது சாயல இன்னும். சுடர்விழி வீட்டு வாசல்ல ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கு. வெளிய வந்து பாத்தா அந்த பெஞ்சுல இனியா ஒக்காந்திருக்கா. கேட்டத் தொறந்து உள்ள வந்திருக்கா, கூப்புடல, சும்மா ஒக்காந்திருக்கா. அடையாளமே தெரியல. கன்னம் ஒட்டிப்போயி, முடி பாதி இல்ல.

சுடர்விழிக்கு வெரட்டணும்னுதான் தோணுச்சாம். பாத்தா மனசு கேக்கல. உள்ள போயி ரெண்டு கிளாசுல டீ போட்டு எடுத்துட்டு வந்தா. பக்கத்துல ஒக்காந்தா. ரெண்டு பேரும் தோளோட தோளு ஒட்டி ஒக்காந்திருந்தாங்க, பழையபடி.

அப்புறம் இனியா சொன்னா. "போகலடி."

"எது?"

"அது என்ன விட்டுப் போகவே இல்ல. அன்னிக்கு ராத்திரியே வந்துடுச்சி. ஒரு நாளுகூட விட்டதில்ல. ஒங்கிட்ட சொல்ல மூஞ்சி இல்ல எனக்கு. ஒன்ன அங்க விட்டுட்டு வந்ததுக்கு ஒண்ணுமே ஆவல."

டீ கிளாசு சுடர்விழி கையிலயே இருந்துச்சி. அவ குடிக்கல. மெதுவாக் கேட்டா.

"அது இன்னும் ஒங்கிட்ட இருக்குன்னா... எங்கிட்ட இருக்கறது யாருடி?"

இனியா திரும்பி சுடர்விழிய ஒரு தடவ பாத்தா. அப்புறம் அவளுக்கு மேல பாத்தா. பாத்துட்டு, எழுந்துக்காம, டீ கிளாசோட மெதுவா பெஞ்சு ஓரத்துக்கு நகந்துட்டா.

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளு ஒக்கார்ற அளவுக்கு எடம் விட்டா.