நுரை அடங்குற வரைக்கும்

...இருபது நிமிஷ இன்டர்வியூன்னு சொல்லித்தான், அக்கா, என்னையும் கூட்டிட்டு வந்தாரு. முன்னாடி போன மூணு பேரும் சொன்ன நேரத்துக்கு வெளிய வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரு உள்ள போயி ஒரு மணி நேரம் ஆகப்போகுது. நீங்களும் எப்ப பெல் அடிக்கும்னு டீத்தட்டோட உக்காந்திருக்கீங்க, பாவம். டீ ஆறிடாது? பிளாஸ்க்குலயா... அப்ப சரி.

நான் யாருகிட்டயும் இப்படிப் பேசமாட்டேன் அக்கா. எட்டாவதோட நின்னவ. இவ்வளவு பெரிய காலேஜுல கால் வைக்கவே கூச்சம். பாப்பா மடியில தூங்கறாளா, எனக்கு ஏதோ வாய் தொறக்குது.

அஞ்சு வருஷம் அக்கா, டாக்டர் பட்டத்துக்குப் படிச்சாரு. எதப் பத்தின்னு கேளுங்களேன். சோப்பு நுரை. அது எப்படி அடங்குதுன்னு. நான் தெனமும் வாளியில பாக்குறதத்தான். சரி, படிச்சு முடிச்சா வேலைன்னு நெனச்சேன். முடிச்சவங்களுக்குன்னு தனியா ஒரு அலைச்சல் இருக்காம். ஒரு தாள்ல மூணு கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்காரு. ஒண்ணு, வேற ஊரு ஆய்வகத்துல ரெண்டு வருஷம். அது முடிஞ்சா இன்னொரு ஊரு, இன்னொரு ரெண்டு வருஷம். அதுக்குப் பேரு போஸ்ட்டாக். அடுத்தது, சோப்பு கம்பெனி. சம்பளம் நல்லாருக்கும், ஆனா அவங்க சொல்ற நுரையத்தான் பாக்கணுமேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. கடைசி, இதோ இந்த நிரந்தர வாத்தியார் வேலை. அந்தக் கட்டத்துல மட்டும் பாப்பா கைய மையில தோச்சு அச்சு வச்சுட்டேன். பொறந்து பதினோரு மாசத்துல ரெண்டு வீடு பாத்துட்டா அக்கா. மூணாவது வீட்டுலயே நடந்து, ஓடி, பள்ளிக்கூடமும் போகட்டுமே. நாத்தனார் வேற போன்ல, "என்ன அண்ணி, எங்கண்ணன் இன்னும் ஸ்கூலுக்குத்தான் போறானா"ன்னு.

இன்னைக்கி உள்ள பேச வேண்டியத ஒரு மாசமா சமையக்கட்டுல என் முன்னாடி நின்னுதான் பேசிப் பழகுனாரு. புரியலன்னா நான் கரண்டியத் தூக்கணும். கரண்டி கீழயே எறங்கல. கடைசியில நாந்தான் சொன்னேன், படமெல்லாம் எதுக்கு, கண்ணாடி டம்ளர்ல நுரைய அடிச்சு அவங்க முன்னால வைங்க, அது அடங்குனதும் பேச்ச முடிங்கன்னு. பாப்பா குளிக்கிற சோப்புல பன்னெண்டே நிமிஷம். கடிகாரம் வச்சுப் பாத்தோம். மனுஷன் அசந்துட்டாரு. "நுரை அடங்காம வாய மூடமாட்டேன் பாரு"ன்னு சொல்லிட்டுத்தான் இப்ப உள்ள போனாரு.

டம்ளரையும் பாப்பா சோப்பு இருக்குற அந்தச் சின்ன பாட்டிலையும் காலையில நாந்தான் பையில வச்சேன். அவசர அவசரமா...

இருங்க அக்கா.

நேத்து பாப்பா சோப்பு தீந்துச்சு. நல்ல பாட்டிலாச்சேன்னு, பாத்திரம் கழுவற சோப்ப அதுல ஊத்தி சமையக்கட்டுல வச்சேன். புது பாட்டில் குளியலறையில இருக்கு. காலையில நான் எடுத்தது... சமையக்கட்டுலேர்ந்து.

போச்சு. அது காலையில அடிச்சா மத்தியானம் வரைக்கும் நிக்குமே அக்கா.

பெல் அடிக்குது, போங்க போங்க. டீ குடுக்குறப்ப அவரு காதுல மட்டும் சொல்லிருங்க, அது பாத்திர சோப்புன்னு.

...சிரிக்கிறாங்க. அது அவரு சிரிப்பில்லயே பாப்பா.

வந்துட்டீங்களா? காதுலன்னுதானே சொன்னேன், எல்லாருக்கும் கேட்டுருச்சா? நுரை இன்னும் அப்படியே நிக்குதா. இன்டர்வியூ எடுக்குற தலைவரம்மா வாட்ச்சக் கழட்டி மேசையில வச்சுட்டு உக்காந்திருக்காங்களா. ஏன் அடங்கலன்னு இவரு போர்டு நெறைய காரணம் எழுதிட்டிருந்தாரா. அது ஒண்ணுலயும் நான் இல்லயா? "தப்பான சோப்ப வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் தளராம யோசிச்ச ஆள இன்னைக்கித்தான் பாக்குறோம்"னாங்களா. அது நல்லதா கெட்டதா அக்கா?

யார? சோப்ப மாத்துனவங்களயா? உள்ள வரச் சொன்னாங்களா? நான் யாருகிட்டயும் பேசமாட்டேனே அக்கா... நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

சரி, பாப்பாவக் கொஞ்சம் புடிங்க. இல்ல, வேணாம், குடுங்க. கை அச்சு வச்சவளும் வரட்டும்.