இப்போதைக்கு வந்தவள்

— மாலையே இன்னும் மாத்தல சித்தி, அதுக்குள்ள பையக் கட்டிட்டியா?

— நாளைக்கு நீ மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருவ. அப்புறம் எனக்குக் கல்கத்தாவுல என்ன சோலி? அசையாம நில்லு மஹிமா, முந்தானையச் சரி பண்றேன்.

— அப்பாவுக்கு யாரு பொங்கிப் போடுறது?

— பெஹாலா மார்க்கெட்ல பேரம் பேசி மீன் வாங்கி, தானே கொழம்பு வைக்கிற மனுசன் அவரு. நான் என்ன இங்கயே கெடக்கவா வந்தேன்? உங்கம்மா போய்ச் சேந்தப்ப நீ கைப்புள்ள. குவார்ட்டர்ஸ்ல எல்லார்ட்டயும் உங்கப்பா, ‘சிஸ்டர் இன் லா, ஃபார் தி டைம் பீயிங்’னு சொல்லுவாரு. நான் கத்துக்கிட்ட மொத இங்கிலீஷே அதான். யாரு கேட்டாலும், ‘நாகம்மா, ஃபார் தி டைம் பீயிங்’ம்பேன்.

— உஃப்! அர்த்தம் தெரியுமா?

— இப்போதைக்குன்னு. நீதான சொல்லிக் குடுத்த.

— எப்ப சொல்லுவாங்கன்னும் சொன்னேனே. சரியான ஆளு வர்ற வரைக்கும் இருக்கிறத வச்சு ஒப்பேத்தும்போது. கரண்ட் போனா மெழுகுவத்தி ஏத்துற மாதிரி. நம்ம வீட்ல கரண்ட் எப்ப சித்தி வந்துச்சு?

— வரலியே தாயி.

— எனக்கு டெங்கு வந்தப்ப ஆஸ்பத்திரித் தரையில படுத்துக் கெடந்தது யாரு? ஒரு வார்த்தை பெங்காலி தெரியாம ஹெட்மிஸ்ட்ரஸ்ட்ட நின்னு சண்டை போட்டு சீட்டு வாங்குனது யாரு? ஒனக்கு வந்த வரனையெல்லாம், ‘புள்ளைக்குப் பரீட்சை’ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினவ நீ! உன்ன மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல.

— அழாத, மை கலையும். பெருசா என்ன செஞ்சுட்டேன்? எனக்கு ஒரே ஆசைதான். மாப்பிள்ளைப் பையன் அனிர்பான் ஒன் வகிட்டுல குங்குமம் வைக்கிறதப் பக்கத்துல நின்னு கண்ணாரப் பாக்கணும். அதுக்குத்தான் இந்தப் பட்டுச்சேலையே. வா, சங்கு ஊதுறாங்க.

— நீ வரக் கூடாது சித்தி.

— என்னது?

— நீ இந்த ரூம்லயே இரு. அனிர்பானோட அம்மா கேட்டாங்க, நான்தான் அப்படிச் சொன்னேன்.

— சரி தாயி. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நான் என்ன, பெத்தவளா? எனக்குப் புரியுது.

— ஒண்ணும் புரியல ஒனக்கு. எத்தன வங்காளிக் கல்யாணத்துக்குப் போயிருக்க, பந்திய விட்டு எந்திரிச்சாத்தான தெரியும்! இவங்க வழக்கத்துல புள்ளையோட கல்யாணத்த அம்மா பாக்கக் கூடாது. கண்ணு பட்டுருமாம். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு மாஷி, யாரு வேணாலும் பாக்கலாம். ‘உங்க பக்கம் யாரு உள்ள இருக்கப் போறா’ன்னு கேட்டாங்க. எங்கம்மான்னு சொல்லிட்டேன். ஆனா ஒனக்குப் பாக்கணும்னு ஆசை இருந்தா வா. சித்தியா வந்து பக்கத்துலயே நில்லு. சத்தியமா நான் வருத்தப்பட மாட்டேன்.

— போறப்ப கதவச் சாத்திட்டுப் போ தாயி. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்.