மூன்றாம் அங்கத்து மரண அறிவித்தல்

எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தலை வாசிக்கத் தெரியாதவர் எவரும் இல்லை, ஐயா. நீங்களும் காலையில் பேப்பரை விரித்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். என்னுடைய வாக்குமூலத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் ஒழுங்கு.

என் பெயர் ஆரணி. தாவரவியல் படித்தேன். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்குக் கூச்சம். அதனால் பிரகலாதன் சேரின் நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால்தான் வேலை. சேர் மானிப்பாயில் ஆங்கிலம் படிப்பிப்பவர். நானூறு வருடப் பழைய ஆங்கில நாடகம் ஒன்றை, ஆங்கிலத்திலேயே, எங்கள் சனம் ஐந்து அங்கமும் இருந்து பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. முதல் தடவை இரண்டாம் அங்கத்தோடு மண்டபம் காலி.

"இன்னொருக்காப் போடுவம் பிள்ளை. அதுக்கும் எழும்பிப் போச்சினம் எண்டால் நான் நாடகத்தையே விட்டிடுறன்" என்றார் சேர். சனத்துக்கு நாடகத்தை விளங்கப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆங்கிலம் அவர்களுக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. எழும்பிப் போகும்போது கோப்பாய் வசந்தினி அக்கா கேட்டது வேறு. "உந்தக் கிழவன் ஆர்? அந்தப் பெட்டைக்குத் தேப்பனோ, சித்தப்பனோ? வாளோடை திரியிறவன் எந்தப் பகுதி? ஒண்டும் தெரியாமல் என்னெண்டு பிள்ளை அழுறது?"

நியாயமான கேள்வி. அடுத்த கிழமை பேருந்தில் அதே அக்கா ஒரு மரண அறிவித்தலை வாசித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம், "மூத்த மருமகன்ரை பேர் கடைசியிலை கிடக்கு. அப்ப அவரோடை வீட்டுக்காரருக்குக் கதை பேச்சில்லை" என்றார். எனக்கு வழி தெரிந்தது.

மூன்றாம் அங்கத்தில் இறக்கும் கிழக் கோமகனுக்கு ஓர் அறிவித்தல் அடித்தேன். இத்தாலியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, மருமகனால் கோபுரத்திலிருந்து தள்ளப்பட்டுக் காலமானார். இறுதிக்கிரியை என்ற இடத்தில் எங்கள் மண்டபத்தையும் சனிக்கிழமை பின்னேரத்தையும் போட்டேன். இத்தாலியப் பெயர்கள் வாசிப்பவரைக் குழப்பும். ஆகவே நடிகர்களின் பெயர்களையே போட்டேன். கோமகனாக நடித்த மார்க்கண்டு அண்ணையின் படத்தையும் போட்டேன். விடியமுன், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துச் சந்திகளில் ஒட்டினேன்.

அண்ணை கோபிக்கவில்லை. "படம் வடிவா வந்திருக்குப் பிள்ளை. முகம் குடுத்துக் கதையாதவங்களும் என்னை நல்ல மனிசன் எண்டுறாங்கள்" என்றார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. பலர் வெள்ளை உடுத்தி வந்தார்கள். மலர்வளையம் ஒன்றும் வந்தது. அண்ணை உயிரோடு மேடைக்கு வந்ததும் சலசலப்பு எழுந்தது. வசந்தினி அக்கா, "பொறுங்கோ, அவருக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று அடக்கினார். அதன்பிறகு அருமையாகப் பார்த்தார்கள். யார் யாருடைய பிள்ளை, யாருக்கு யாரோடு கோபம், எல்லாம் தெரிந்து பார்த்தார்கள். மருமகனாக நடித்த கஜீவன் அண்ணை வரும்போதெல்லாம் முன்வரிசை பல்லைக் கடித்தது. சேர் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்தார்.

மூன்றாம் அங்கத்தில் இருவரும் கோபுரத்தில் ஏறினார்கள். ஆள் உயரப் பலகைக் கோபுரம். கீழே வைக்கோல் போட்டிருந்தோம்.

வசந்தினி அக்கா எழும்பினார். "மார்க்கண்டண்ணை, உவனோடை மேலை நில்லாதேங்கோ. இறங்குங்கோ." மண்டபமே எழும்பியது. அண்ணை மலர்வளையத்தைப் பார்த்தார். சபையில் விம்மிக்கொண்டிருந்த தன் மனைவி சிவக்கொழுந்தைப் பார்த்தார். பிறகு நல்ல தமிழில், "ஓம், நான் இறங்கிறன்" என்றார். கஜீவன் அண்ணையும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

என் நிலையை யோசியுங்கள், ஐயா. கோமகன் இறங்கினால் நான்காம் அங்கமும் இல்லை, ஐந்தாம் அங்கமும் இல்லை. சேர் நாடகத்தையே விட்டுவிடுவார். அச்சில் போட்ட தகவலும் பிழையாகிவிடும். விஞ்ஞானம் படித்தவளுக்கு அது அழகல்ல. மேடைக்குப் போய், "அண்ணை, தயவுசெய்து சாகுங்கோ" என்று கேட்டிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் எனக்குக் கதைக்க வராது. ஆகவே கோபுரத்தை ஒட்டித் தொங்கிய கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டித் தள்ளினேன். பெரிதாகத் தள்ளவில்லை. அவர் வைக்கோலுக்குச் சற்று அப்பால் விழுந்தார். வலது கால் முறிந்தது.

கஜீவன் அண்ணை தள்ளியதைக் கண்ணால் கண்டதாக மண்டபம் முழுவதும் உங்களிடம் சொல்லியிருக்கிறது. அவர்களைப் பிழை சொல்லாதீர்கள். அறிவித்தலில் அப்படித்தான் இருந்தது. நாடகத்தை அவ்வளவு தூரம் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சத்தை வரும் சனிக்கிழமை போடுகிறோம். சனம் இப்போதே இடம் பிடிக்கிறது. அதுவரை இந்த வாக்குமூலத்தை வெளியே விடவேண்டாம். தள்ளியவர் வேறு ஆள் என்றால் குழம்பிவிடுவார்கள். கஜீவன் அண்ணை உங்கள் காவலில் உள்ளே இருப்பது எனக்கும் கவலைதான். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் அவரை அனுப்பினால் போதும்.

இன்னொரு சின்ன உதவி. ஐந்தாம் அங்கத்தில் மருமகன் சாகிறார். அறிவித்தலுக்கு அவருடைய படம் ஒன்று வேண்டும். நேரே கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்களே எடுத்துத் தாருங்கள், ஐயா.